உஷார்! மொட்டை மாடியில் கிளியர் அடிக்கிறீர்களா?

கையில் டூ-கே கிளியர் ஸ்பிரே டப்பா இருக்கிறதா? முதலில் அதைக் கீழே வையுங்கள். டப்பாவின் அடியில் இருக்கும் பொத்தானை இன்னும் அழுத்தவில்லையே? நல்லது. நீங்கள் செதுக்கி வைத்திருக்கும் பொய்மீன் எங்கும் நீந்திப் போய்விடாது. இதைப் படித்துவிட்டு அதன் பக்கம் போகலாம்.

முட்டுக்காடு, பழவேற்காடு, பாம்பன் என்று கழிமுகமும் கடலும் கிடைக்கிற இடங்களில் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கம்பும் ரீலுமாக ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. கொடுவாவுக்கும் சீலாவுக்கும் பாறை மீனுக்கும் லூர் என்கிற பொய்மீனை வீசுகிறவர்கள். கண்மாயிலும் ஏரியிலும் விராலுக்கு ரப்பர் தவளை வீசுகிறவர்கள் தனி. கடையில் நல்ல லூர் ஒன்று ஐந்நூறு, ஆயிரம் என்று விலை சொல்கிறார்கள். கடல் பாறையில் முள் சிக்கினால் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு வரவேண்டியதுதான். ஆயிரம் ரூபாய் கடலுக்குக் காணிக்கை. அதனால் பலர் தாங்களே செய்யத் தொடங்கிவிட்டார்கள். மரத்துண்டைச் செதுக்கி, உப்புத்தாள் போட்டு, வயிற்றில் ஈயம் வைத்து மிதவை பார்த்து, சிகரெட் பெட்டித் தகடு ஒட்டி, செதில் வரைந்து, கண் வைத்து… இரண்டு வாரம் போவதே தெரியாது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் இந்தச் சுகத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

வினை கடைசிப் படியில் இருக்கிறது. வண்ணத்துக்கு மேல் பூசும் அந்தக் கண்ணாடிப் பூச்சு, பட்டறைக்காரர்கள் சொல்கிற 'கிளியர்'. அது இல்லாமல் மரத்து லூர் ஒரு நாள் தாங்காது. சீலாவின் பல் கத்தி மாதிரி. லூரில் தொங்கும் மும்முனை முட்களே ஆடி ஆடி வயிற்றுப் பக்கத்து வண்ணத்தைச் சுரண்டும். ஓர் இடத்தில் கீறல் விழுந்தால் தண்ணீர் மரத்துக்குள் இறங்கும், மரம் உப்பும், உப்பிய மரம் பூச்சைப் பிளக்கும், பிளந்த வழியில் இன்னும் தண்ணீர். ஆகவே செய்கிறவன் தேடுவது கல் மாதிரி இறுகும் பூச்சை. கடைக்காரரும் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்.

அது எப்படிக் கல் மாதிரி இறுகுகிறது என்று யாரும் கேட்பதில்லை. நெயில் பாலிஷையோ என்.சி. லாக்கரையோ எடுத்துக்கொள்ளுங்கள். கரைப்பான் ஆவியாகிப் போனதும் மிஞ்சுகிற படலம்தான் பூச்சு. மறுபடி தின்னர் பட்டால் இளகிவிடும். டூ-கே கிளியர், எபாக்சி, யு.வி. ரெசின் எல்லாம் வேறு ஜாதி. இவற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றைக் கண்டதும் பிடித்துக்கொண்டு வலை மாதிரிப் பின்னிக்கொள்கிறது. பின்னி முடிந்தபின் தின்னரும் ஒன்றும் செய்யாது, சீலாவும் ஒன்றும் செய்யாது. பின்னி முடிகிற வரையில் அந்த மூலக்கூறு கைக்கு அகப்பட்டதை எல்லாம் பிடிக்கும். உங்கள் தோலிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் புரதத்தையும் பிடிக்கும். லூரைக் காப்பாற்றும் குணம் எதுவோ அதுவேதான் செய்தவனைக் கடிக்கிறது.

இந்தப் பித்து புதிதில்லை. பின்லாந்தில் ஏரியில் மீன்பிடித்துப் பிழைத்த லவ்ரி ரபாலா 1936-இல் தன் முதல் பொய்மீனைச் செருப்பு தைக்கும் கத்தியால் தக்கையில் செதுக்கினார். சாக்லேட் சுற்றி வரும் தகட்டை அதன்மேல் ஒட்டினார். கிளியர் வாங்க வழியில்லை. புகைப்பட நெகட்டிவ்களை உருக்கிப் பூசினார். அந்தக் காலத்து நெகட்டிவ்களில் பல நைட்ரோசெல்லுலோஸால் ஆனவை. தீப்பிடித்தால் அணைப்பது பெரும்பாடு. மனிதர் தப்பித்தார்; இன்று அவர் பெயரில் உலகம் முழுக்க லூர் விற்கிறது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் தக்கையையும் கத்தியையும் சொல்லி உருகுவார்கள். நெகட்டிவ் உருக்கியதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் வயிற்றைக் கலக்கும்.

அதிலாவது நெருப்பு என்று தெரிந்தது. லாக்கரும் தின்னரும் நாறும், கண் எரியும். ஆபத்து வாசலில் நின்று கத்தும். இன்றைய பூச்சுகள் சத்தமே போடுவதில்லை. நம் ஊரில் நஞ்சை மூக்கால் அளப்பதுதான் வழக்கம். தின்னர் நாற்றம் அடித்தால் ஜன்னலைத் திறக்கிறோம். எபாக்சி அவ்வளவாக நாறுவதில்லை. அதனால் படுக்கை அறையிலும் சாப்பாட்டு மேஜையிலும் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும் மேஜையிலும் வைத்துப் பூசுகிறோம். சமையல் கேஸுக்கே இயல்பில் நாற்றம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் கலந்து அனுப்புகிறார்கள். டூ-கே ஹார்டனருக்கு அப்படி யாரும் நாற்றம் கலந்து தரவில்லை.

டூ-கே என்றால் இரண்டு பொருள்: ரெசின் ஒன்று, ஹார்டனர் ஒன்று. டிங்கரிங் பட்டறையில் கார் பம்பருக்கு அடிக்கும் அதே சரக்கு. ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் என்ற வகை ரசாயனம். ஸ்பிரே டப்பாவில் அது உள்ளேயே தனிக் குப்பியில் இருக்கும். அடிப் பொத்தானை அழுத்தினால் குப்பி திறந்து ரெசினோடு கலக்கும். அடிக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற தூவலோடு தெரியாத நுண்துளிகளும் கிளம்பி, அடித்து முடித்த பிறகும் காற்றில் நிற்கும். அப்போது நமக்கு வரும் வாசனை கரைப்பானுடையது. "வாசனை போயிடுச்சு" என்று முகமூடியைக் கழற்றுகிறோமே, அந்த நேரத்தில் ஐசோசயனேட் போகாமல் இருக்கலாம். மூக்கு அதை உணரும் அளவுக்கு அது சேர்வதற்குள் பாதுகாப்பு வரம்பு எப்போதோ தாண்டிப் போயிருக்கும்.

உள்ளே போனால் என்ன ஆகும்? முதல் தடவை ஒன்றும் ஆகாமல் போகலாம். பத்தாம் தடவையும் ஆகாமல் போகலாம். கேடே அதில்தான் இருக்கிறது. ஒரு கட்டத்தில் சிலருடைய உடம்பு இதைப் பகை என்று எழுதி வைத்துக்கொள்கிறது. யாருக்கு, எந்தத் தடவையில் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எழுதி வைத்துக்கொண்ட பிறகு கடுகளவு போதும். பட்டறை இருக்கும் தெருவைக் கடந்தாலே நெஞ்சு இறுகி இளைப்பு வாங்கும். ஆஸ்துமா. இதில் இன்னொரு சூதும் இருக்கிறது: இருமலும் இளைப்பும் பல நேரம் உடனே வராமல் மாலையிலோ நடுராத்திரியிலோ வரும். வீட்டில் யாரும் கிளியரைச் சந்தேகிக்க மாட்டார்கள். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் வைப்பார்கள். லீவு நாட்களில் தணிந்து, வேலையைத் தொட்டதும் திரும்பினால் அதுதான் அடையாளம்.

பிரிட்டனில் வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு முன்னணிக் காரணங்களில் ஒன்றாகப் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருவது வண்டிகளுக்கு அடிக்கும் இந்த பெயின்ட்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் டைஐசோசயனேட் எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கிற சரக்கைத் தொழிலுக்காகக் கையாள்கிறவர் 2023 ஆகஸ்ட் 24-க்குப் பிறகு அதற்கான பயிற்சி முடித்திருக்க வேண்டும், சட்டம். நமக்கு அது கூரியர் பெட்டியில் வருகிறது. பயிற்சி? பத்து நிமிட வீடியோ ஒன்று, அதுவும் இரண்டு மடங்கு வேகத்தில்.

ஐசோசயனேட் என்ற பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். அதுவும் இதுவும் ஒன்றில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பயமுறுத்துவதற்காகப் பொய் சொல்லக் கூடாது. அது சட்டென்று ஆவியாகும் கொடும் சரக்கு. கிளியர் ஹார்டனரில் இருப்பது கனத்த, லேசில் ஆவியாகாத உறவுமுறை. குடும்பப் பெயர் மட்டும் ஒன்று. ஆனால் லேசில் ஆவியாகாத அந்தச் சரக்கை நாமே கம்ப்ரசர் வைத்துப் புகையாக்கி முகத்துக்கு முன்னால் நிறுத்துகிறோமே, அதற்கு என்ன சொல்வது?

"மாஸ்க் போட்டுக்கிட்டுத்தாண்ணே அடிக்கிறேன்" என்றான் எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி. கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய என்-95. அது தூசுக்கு ஆனது, ஆவியைத் தடுக்காது. கரிக் குப்பி வைத்த முகமூடி என்று ஒன்று பெயின்ட் கடைகளில் கிடைக்கிறது. தின்னருக்கு அது சரி. குப்பி தீர்ந்துவிட்டது என்பதை அங்கே மூக்கே சொல்லிவிடும். நாற்றம் உள்ளே வந்தால் மாற்ற வேண்டும். ஐசோசயனேட்டில் அந்த அறிவிப்பு கிடையாது என்றுதான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தாடி வைத்திருந்தால் முகமூடி தோலோடு படியவே படியாது, அது தனி. ஒழுங்காக நடக்கும் பெயின்ட் பூத்களில் வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று வரும் முகமூடி போட்டுக்கொண்டு அடிக்கிறார்கள். ஒரு சாண் நீள மரமீனுக்கு அதையெல்லாம் யார் வாங்குவது?

"மொட்டை மாடிதானே, காத்தோட்டமா இருக்கே" என்பது அடுத்த சமாதானம். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று உங்களைக் கேட்டுக்கொண்டா அடிக்கிறது? கொடியில் துணி காய்கிறது. பக்கத்து மாடியில் ஒரு குழந்தை பட்டம் விடுகிறது. எனவே ஒரே வார்த்தை: வீட்டில் டூ-கே கிளியரை ஸ்பிரே அடிக்காதீர்கள். கட்டாயம் வேண்டுமென்றால், பூத்தும் காற்று முகமூடியும் வைத்திருக்கும் பட்டறையில் பத்து லூரைச் சேர்த்துக் கொடுத்து அடித்து வாங்குங்கள். அங்கே பெயின்டர் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பதைப் பார்த்தால் கொடுக்காமல் திரும்பி வாருங்கள். நம் பொய்மீன் மின்னுவதற்கு அவர் ஏன் இளைக்க வேண்டும்?

ஸ்பிரே வேண்டாம், தோய்த்து எடுக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு சொல். ஒரே டின், ஹார்டனர் கிடையாது, தோய்த்துத் தொங்கவிட்டால் தானே இறுகும் என்று விற்கப்படும் வகையில் ஹார்டனர் இல்லாமல் இல்லை. ஐசோசயனேட் உள்ளேயே கலந்திருக்கிறது; காற்றின் ஈரத்தைக் குடித்து இறுகுகிறது. சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? டின்னைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் ஈரம் புகுந்து, சில வாரத்தில் மிச்சம் ஜெல்லியாகிவிடும். காசு போனது ஒரு பக்கம். ஈரத்தோடு சேரும்போது கரியமில வாயு பிறக்கும். இறுக்கி மூடிய டின் உப்பும். உப்பிய டின்னை முகத்துக்கு நேரே வைத்து நெம்பாதீர்கள்.

நான் அடிபட்டது எபாக்சியில்.

இரண்டு குப்பி, சரிக்குச் சரி கலந்து பூசுவது. நாற்றமில்லை, கம்ப்ரசர் வேண்டாம், ஒரே பூச்சில் கண்ணாடி மாதிரி வரும். பிரஷ்ஷால் பூசினால் குமிழி வருகிறது, விரலால் தடவினால் வராது என்று ஒருவர் சொல்லித் தந்தார். உண்மைதான், வரவில்லை. ஓராண்டுக்கு மேல் வெறும் விரலால் தடவினேன். பிசுக்கைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்வேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி விரல் இடுக்கில் அரிப்பு. மறுநாள் சின்னச் சின்னக் கொப்புளம். கண் இமை இரண்டும் வீங்கிக் கண்ணாடியில் என்னையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசியதற்கும் செவ்வாய்க்கிழமை அரிப்புக்கும் யார் முடிச்சுப் போடுவார்கள்? இறால்தான் காரணம் என்று வீட்டில் தீர்ப்பானது. மூன்று மாதம் இறாலைத் தொடவில்லை. அரிப்பு போய்ப் போய் வந்தது.

தோல் மருத்துவர் இறாலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கையால என்ன வேலை செய்றீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். முதுகில் வரிசையாகச் சின்ன ஒட்டுகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தார்கள். மற்ற இடமெல்லாம் சாதாரணமாக இருக்க, எபாக்சி ரெசின் ஒட்டிய இடம் சிவந்து தடித்திருந்தது. இறால் நிரபராதி. "இனிமே இதைத் தொடாதீங்க. இது போற அலர்ஜி இல்லை" என்றார் டாக்டர். ஆஸ்துமாவைப் போலவே இதிலும் உடம்பு ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால் அழிப்பதில்லை. தொட்ட ஒன்றிரண்டு நாள் கழித்துக் கிளம்புவதால்தான் பலர் சோப்பையும் மீனையும் செருப்பையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

இமை ஏன் வீங்கியது என்றால், கையில் இருந்த பிசுக்கு அங்கே போயிருக்கிறது. இமைத்தோல் மெல்லியது. எபாக்சி தடவிய கை செல்போனைத் தொடும், கதவுத் தாழ்ப்பாளைத் தொடும், மனைவி அதே தாழ்ப்பாளைத் தொடுவாள். தின்னரால் துடைத்தது அதைவிடப் பெரிய மடத்தனம். தின்னர் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, ரெசினைக் கரைத்து உள்ளே போக வழியும் செய்து கொடுக்கிறது. தோலில் பட்டால் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், அவ்வளவுதான். கையுறை போடுகிறவர்களும் மருந்துக்கடை லேடெக்ஸ் உறையைப் போட்டுக்கொண்டு தைரியமாக இருக்கிறார்கள். எபாக்சியை அது நம்பிக்கையாகத் தடுக்காது. நைட்ரைல் உறை வேண்டும். அதையும் பிசுக்கு பட்டதும் கழற்றி எறிந்துவிட்டு வேறு போட வேண்டும்.

டப்பாவில் 'நச்சற்றது' என்று போட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். பல டப்பாக்களில் அந்தச் சொல் இறுகி முடிந்த பூச்சைப் பற்றியது. குப்பியில் இருக்கும் திரவத்தைப் பற்றியது இல்லை. தொட்டால் ஒட்டாத நிலை ஒரு நாளில் வந்துவிடும். உள்ளே பின்னி முடிய இன்னும் பல நாள் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு உப்புத்தாள் போட்டால் பறக்கும் தூசும் அதே வேலையைச் செய்யும். ஒரு வாரம் பொறுத்து, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்.

எபாக்சியில் இன்னொன்று. ஹார்டனர் கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபைபர் படகு ரெசினில் கேட்டலிஸ்ட் கூட்டினால் வேகம் கூடும். அந்தப் பழக்கம் இங்கே ஒட்டிக்கொண்டது. எபாக்சியில் அளவு தவறினால் மிஞ்சியது இறுகாமலே நிற்கும். லூர் ஆயுளுக்கும் பிசுபிசுக்கும், தொடுகிற கைக்கெல்லாம் ரெசின். நிறையக் கலப்பதும் ஆகாது. கலவை தானே சூடேறும். கப்பில் குவிந்து கிடந்தால் சூடு வெளியேற வழியின்றிப் புகையும், பிளாஸ்டிக் கப் உருகும். நாலு அங்குல லூருக்கு இரண்டு மூன்று மில்லி போதும். அதைக் கலந்ததும் தட்டையான மூடியில் பரப்பி வையுங்கள்.

படகு ரெசினைச் சொன்னேன். கடற்கரை ஊர்களில் அதுதான் சுலபமாகக் கிடைப்பது. படகு வேலை நடக்கிற இடத்தில் அரை டம்ளர் கேட்டால் ஊற்றிக் கொடுப்பார்கள், கூடவே இரண்டு சின்னப் பாட்டில்: ஒன்று ஆக்சிலரேட்டர், கோபால்ட் சேர்ந்தது, இன்னொன்று கேட்டலிஸ்ட், பெராக்சைடு வகை. இந்த இரண்டு சின்னப் பாட்டிலையும் நேருக்கு நேர் கலந்தால் தீயோ வெடிப்போதான். படகு வேலை செய்கிறவர்களுக்கு இது அத்துப்படி. முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகுதான் கேட்டலிஸ்ட்டைத் தொடுவார்கள். வாங்கி வருகிற பையனுக்குத் தெரியுமா? கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். தெறித்தால் யோசிக்காமல் குழாயைத் திறந்து கால் மணி நேரமாவது கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, நேரே கண் மருத்துவமனைக்கு ஓடுங்கள். இவ்வளவு ஆபத்தையும் சகித்துக்கொண்டாலும் பலன் கிடையாது. ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைக்கும், பல பெயின்ட்டுகளைச் சுருக்கிவிடும்.

யு.வி. ரெசின் இப்போதைய மோகம். டார்ச் காட்டினால் நிமிடத்தில் இறுகிவிடுகிறது. ஆனால் காற்றுப் படும் மேற்பரப்பு பல வகைகளில் பிசுபிசுப்பாகவே நிற்கும்; ஆக்சிஜன் அதை இறுக விடாது. அந்தப் பிசுபிசுப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்காத ஆள் உண்டா? அது இறுகாத அக்ரிலேட். நகப் பூச்சு நிலையங்களில் ஜெல் வைத்துக்கொண்ட பெண்களுக்கு வரும் ஒவ்வாமையும் இந்தக் குடும்பத்தால்தான். பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் 2018-இல் அதைப் பற்றி எச்சரித்தது. பல் அடைக்கும் பசையிலும் மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் சிமென்ட்டிலும் இதே குடும்பத்துச் சரக்கு இருக்கிறது. இருபத்தைந்து வயதில் லூரைத் தடவி வாங்கிய ஒவ்வாமை, அறுபது வயதில் முழங்காலுக்கு மருத்துவர் யோசிக்கும்போது குறுக்கே வந்து நிற்கலாம்.

சின்னச் சங்கதிகள் சில, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இலேசான மரத்தை இறுக்க ஃபெவிக்விக் வகைப் பசையை ஊற்றி ஊற வைக்கிறார்கள். அதைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியில் அந்தப் பசை நிறையப் பட்டால் சட்டென்று கொதிப்பேறிப் புகையும், கை வெந்துபோகும். எபாக்சி வழியாமலிருக்க லூரை நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று திருப்பும் மோட்டார் வேண்டும் என்று பழைய மைக்ரோவேவ் அடுப்பைப் பிரிக்கிறார்கள். தட்டு சுழற்றும் மோட்டார் அதில் இருப்பது வாஸ்தவம். பக்கத்திலேயே ஒரு மின்தேக்கியும் இருக்கிறது, ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் மின்சாரத்தை வைத்துக்கொண்டு. மோட்டார் தனியாகவே கடையில் மலிவாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். குமிழி போக்க லைட்டர் காட்டுகிறவர்கள், அதே மேஜையில் தின்னர் பாட்டில் மூடியில்லாமல் நிற்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். தின்னர் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து அடுத்த அறை அடுப்பு வரை போகும்.

அப்படியானால் எதைத்தான் பூசுவது? விராலுக்கும் ஏரி மீனுக்கும் என்றால் தண்ணீர் வகை அக்ரிலிக் அல்லது தண்ணீர் வகை பி.யூ. கிளியர் போதும். மெல்லிசாக ஐந்தாறு கை பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. ஹார்டனர் கேட்காத வகைதானா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் வகையிலும் ஹார்டனர் சேர்ப்பவை உண்டு. எபாக்சி அளவுக்குத் தாங்காது, ஒப்புக்கொள்கிறேன். சீசனுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். கடலுக்கு எபாக்சிதான் வேண்டுமென்றால் மெதுவாக இறுகும் வகையை எடுத்து, நைட்ரைல் உறையும் முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, மலிவான பிரஷ்ஷால் பூசிவிட்டு பிரஷ்ஷைத் தூக்கிப் போடுங்கள். பிரஷ்ஷைக் கழுவி மிச்சம் பிடிக்க நினைத்துத்தான் கை முழுக்கத் தின்னரும் ரெசினும் ஆகிறது. குமிழி ஒன்றிரண்டு இருந்துவிட்டுப் போகட்டும். கொடுவா அதை எண்ணிப் பார்த்துவிட்டுக் கடிப்பதில்லை. முள் வளையம் மரத்துக்குள் நுழையும் ஓட்டையைப் பசையால் அடையுங்கள், பாதி லூர்கள் சாவது அந்த ஓட்டையால். ரப்பர் புழுவையும் ரப்பர் தவளையையும் அதே பெட்டியில் போடாதீர்கள். ரப்பரிலிருந்து கசியும் எண்ணெய் பூச்சை இளக்கி வண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். டூ-கே அடித்தாலும் எபாக்சி பூசினாலும் இந்த இரண்டையும் கவனிக்காதவனுக்கு உழைப்பு வீண்.

கடைசியாக, ஏற்கெனவே ஒரு வருடம் இரண்டு வருடமாகப் பூசிக்கொண்டிருப்பவர்களுக்கு. ராத்திரியில் காரணமில்லாத இருமல், பூசிய மறுநாளோ மூன்றாம் நாளோ விரல் இடுக்கில் அரிப்பு, இமை வீக்கம் இருந்தால் கிளியர் பாட்டிலை உடனே ஓரங்கட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். மூச்சு திணறினால் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். என்ன வேலை என்று மருத்துவர் கேட்டால் ஐ.டி. கம்பெனி, பேங்க் என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் லூர் செய்கிறேன், கிளியர் பூசுகிறேன் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். டப்பாவின் லேபிளை இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.